மருந்து போடாத கிணறு

மலாயாவிலிருந்து பென்சனோடு திரும்புகிறவர்கள் கிராமபோன் கொண்டுவருவார்கள். சீனத்துப் பீங்கான் கொண்டுவருவார்கள். மூட்டுவாதம் கொண்டுவருவார்கள். சிரம்பான் ரெயில்வேயில் தலைமைக் கிளாக்கராக இருந்த தில்லைநாதர் கோண்டாவில் ஸ்டேசனில் வந்து இறங்கியபோது, வாய் அகன்ற கண்ணாடிச் சாடி ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார். சாடிக்குள் மூன்று மீன்கள் இருந்தன.

மாலையோடு நின்ற, அவருடைய ஊரான சண்டிலிப்பாய்க் கூட்டத்துக்கு மாலையை எங்கே போடுவதென்று விளங்கவில்லை. பக்கத்து வளவுப் புகையிலைத் தோட்டக்காரன் மார்க்கண்டுதான் முதலில் வாயைத் திறந்தான்.

“அண்ணை, கறிக்கோ?”

அந்தக் கேள்வியைத் தில்லைநாதர் பிறகு எந்நாளும் மன்னிக்கவில்லை.

மனைவி பராசக்தியையும் மகள் குணலட்சுமியையும் அவர் சிரம்பானுக்குக் கூப்பிட்டதே இல்லை. பிள்ளையின் படிப்பு, அங்கத்தைய சீதோஷ்ணம், குவாட்டர்ஸ் சின்னது என்று காரணங்கள் இருந்தன. மகள் வளர்ந்ததை லீவுக்கு வந்தபோது இடையிடையே பார்த்தார். மீன் வளர்ந்ததைக் கிட்ட இருந்தே பார்த்தார்.

வந்ததும் இரும்புச் சட்டத்தில் நாலு பக்கமும் கண்ணாடி பிடித்து ஒரு தொட்டி செய்வித்தார். நடு ஹோலில், சக்கரவர்த்தியின் படத்துக்கு நேர் கீழே அது அமர்ந்தது. வழுக்கியாற்றில் பிடுங்கிய பாசியும், மூன்று தண்ணீரில் கழுவிய மணலும் அதற்குள் போயின. அவர் அதை அக்குவேரியம் என்றார். ஊர் மீன்பெட்டி என்றது.

மச்சம் தொடாத சைவ வீட்டில் மீன் இருக்கலாமோ என்ற கேள்வி எழுந்தது. பிள்ளையார் கோயில் மனேச்சர் இராசநாயகம் வந்து, சாய்மனைக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்து, தீர்ப்புச் சொன்னார்.

“வாயாலை போனால்தான் காணும் மச்சம். கண்ணாலை போனால் அது தரிசனம்.”

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் தொட்டியின் இரும்புச் சட்டத்துக்கும் திருநீறு பூசப்பட்டது.

பின்னேரங்களில் ஆட்கள் மீன் பார்க்க வருவார்கள். தில்லைநாதர் பிரம்பு ஒன்றை வைத்துக்கொண்டு விளக்கம் சொல்லுவார்.

“தண்ணி முழுதையும் ஒருநாளும் மாத்தக்கூடாது. அடியிலை கிடக்கிற ஊத்தையோடை மூண்டிலொரு பங்கை ரப்பர்க் குழாயாலை இழுத்து எடுத்துப்போட்டு, அதேயளவு புதுத்தண்ணி விடவேணும். கனக்கத் தீன் போடக்கூடாது. மிஞ்சின தீன் அழுகும். அழுகினால் தண்ணி கெடும். தண்ணி கெட்டால் மீனுக்கு மூச்சு முட்டும். எல்லாத்துக்கும் மேலாலை தண்ணி, காணும். மீனின்ரை சுகம் தண்ணியிலைதான் கிடக்கு.”

பிறகு சிரம்பான் கதை வரும். எத்தனை தரம் சொன்னாலும் அந்தக் கதைக்கு அவர் குரலைத் தாழ்த்துவார்.

“முதல் வைச்சிருந்த மீன் அவ்வளவையும் ஒரு காலமையிலை சாகக் குடுத்துப்போட்டன். குழாய்த் தண்ணியை நேரை ஊத்தினன். தண்ணிக்கு மருந்து கலந்திருந்தவங்கள், எனக்குத் தெரியாது. ஊத்தின உடனை விசர் பிடிச்சமாதிரி ஓடுங்கள், கண்ணாடிக்குக் கண்ணாடி. பாக்கிறவன் நினைப்பான் நல்ல உசார் எண்டு. உசாரில்லை, காணும். செவுள் எரியிற ஓட்டம் அது. பேந்து மேலை வந்து வாயைத் திறக்கும். பேந்து சரிஞ்சு மிதக்கும். அதுக்குப் பிறகு மழைத் தண்ணி பிடிச்சுத்தான் வளத்தனான். இப்ப பாருங்கோ, என்ரை கிணத்துத் தண்ணி! மருந்தும் இல்லை, மாயமும் இல்லை. கண்ணாடி மாதிரி.”

கண்ணாடி மாதிரியான அந்தத் தண்ணீரை அவர் குடிப்பதில்லை. மலாயாப் பழக்கம். கொதிக்கவைத்த தேத்தண்ணிதான், அதுவும் பிளாஸ்கில். கிணற்றுத் தண்ணீர் மீனுக்கும், பெண்களுக்கும்.

கிணற்றில் அள்ளுவதும், கிடாரத்தில் நிரப்புவதும், ரப்பர்க் குழாயை வாயால் இழுத்து ஊத்தைத் தண்ணீர் நாக்கில் படுவதற்குள் கீழே விடுவதும் பராசக்தி. தீன் போடுவது குணலட்சுமி. சைவ வீட்டில் முட்டை மஞ்சட்கரு அவிக்க முடியாதபடியால், வீட்டுக்குப் பின்னால் கோடிக்குள் வாழைமரத்தடியில் உடைந்த குடம் ஒன்றில் தண்ணீர் தேங்க விட்டு, கொசு முட்டையிட்டுப் பெருகும் நுளம்புப் புழு வளர்த்தார்கள். விடியவும் பின்னேரமும் சீலைத்துண்டால் புழுவை வடித்துத் தொட்டியில் விடுவது குணத்தின் வேலை. மானிப்பாயில் சீனியர் வகுப்பு வரை படித்தவள். அதைத் தகப்பனார் மீன் பார்க்க வருகிறவர்களிடம் சொல்லத் தவறுவதில்லை. புழு வடிக்கிற நேரத்தில் மட்டும் சொல்லுவதில்லை.

தையில் அவளுக்குக் கலியாணம் பேசியிருந்தது. மாப்பிள்ளை கொழும்பில் அரசாங்கக் கந்தோர் உத்தியோகம். சம்பந்தப் பகுதியார் வந்து போனதிலிருந்து மீன்களுக்குக் குணம் பெயர் வைத்திருந்தாள். சிவப்பு, மாப்பிள்ளை. வெள்ளையும் சிவப்பும் கலந்தது, மாப்பிள்ளையின் தமக்கை. வயிறு பருத்த கறுப்பு, மாப்பிள்ளையின் தாய்.

“அம்மா, பெரிய மாமி இண்டைக்கு என்னோடை கோவம். முகத்தைத் திருப்பிக்கொண்டு போறா.”

“வாயை மூடடி. கொப்பருக்குக் கேட்டிடும்.”

“ஐயாவும் மாமியைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறார். என்னைப் பாத்தாலும் பறவாயில்லை.”

பராசக்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்பை ஊதுவாள்.

அந்த வருடக் கார்த்திகையில் மழை விட்டுக்கொடுக்கவில்லை. வழுக்கியாறு கரையை மறந்தது. புகையிலைக் கன்று நடுவதற்குப் பாத்தி கட்டியவர்கள் பாத்தி எங்கே என்று தேடினார்கள். குறுகிய ஒழுங்கைப் பாதை முழுக்க வெள்ளம் ஓடி, வேலிக்குள்ளால் வளவுக்குள் வந்து, கட்டுத் தாழ்ந்த கிணறுகளுக்குள் ஓசையில்லாமல் இறங்கியது. தில்லைநாதரின் கிணற்றுக்குள்ளும் இறங்கியது. மண்ணிறமான தண்ணீர் சில நாளில் தெளிந்தது.

“பாத்தீரோ?” என்றார் தில்லைநாதர் பராசக்தியிடம். “திரும்பக் கண்ணாடி.”

வெள்ளம் வடிய, ஆற்றங்கரைப் பக்கம் டொக்டர்மார் தைபொயிட் என்கிற நெருப்புக் காய்ச்சல் தொடங்கியது. முதலில் இரண்டு வீடு. பிறகு இந்த ஒழுங்கைக்குள் மார்க்கண்டுவின் பெண்சாதி படுத்தாள். மார்கழி பிறந்து திருவெம்பாவைச் சங்கு ஊதுகிற ஒரு காலையில், வாசல் படலையடியில் சைக்கிள் மணி கேட்டது. தொப்பி போட்ட ஒரு இளந்தாரி, பின்னால் தகரப் பேணியோடு ஒரு கூலியாள். ஊரில் அவருக்குக் கக்கூசு இன்ஸ்பெக்டர் என்று பெயர். அது தெரிந்தோ என்னவோ, அவர் தம் பதவியை நீட்டி முழக்கியே சொல்லுவார்.

“குட் மோர்னிங். சனிற்றறி இன்ஸ்பெக்டர் வின்சன்ற். எபிடெமிக் டியூற்றியிலை வந்திருக்கிறன். வெள்ளம் பூந்த கிணறு எல்லாத்துக்கும் குளோரின் மருந்து போடச்சொல்லி டிப்பார்ட்மென்ற் ஓடர்.”

தில்லைநாதர் விறாந்தையில் எழும்பி நின்றார். “ஓடரோ? நான் முப்பது வருசம் ஓடர் போட்டவன். எனக்கு நீர் ஓடர் காட்டாதையும். எந்த ஊர் நீர்?”

“குருநகர்.”

“தகப்பனார்?”

“கடலுக்குப் போறவர்.”

“அப்பிடிச் சொல்லும்! மீன் பிடிக்கிறவற்றை மோன் என்ரை கிணத்தை எட்டிப் பாக்க வந்திருக்கிறார்.”

இதைச் சொல்லும்போது அவர் மீன்தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

வின்சன்ற் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டார். “கிணத்தைப் பாக்க மீன் தேவையில்லை ஐயா. உத்தியோகம் போதும்.”

வேலிக்கு மேலால் மார்க்கண்டுவின் தலை தெரிந்தது. “போட விடுங்கோ அண்ணை. எங்கடை கிணத்துக்கு நேற்றுப் போட்டவை. ரெண்டு நாளைக்குக் கொஞ்சம் மணக்கும், அவ்வளவுதான்.”

மருந்து போட்டால் மீன் சாகும். தில்லைநாதருக்கு அது ஒன்றுதான் காரணம். அந்தக் காரணம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வேலிக்கு மேலால் தெரிந்த தலையைப் பார்த்தார். ‘கறிக்கோ?’ என்று கேட்ட அதே தலை. முப்பது வருடம் ஓடர் போட்ட மனிதன், மூன்று மீனுக்காக அரசாங்கத்தை மறித்தான் என்று நாளைக்குச் சந்தையில் அந்த வாய் சொல்லும். நாக்கு நுனியில் நின்ற காரணம் திரும்பிப் போய், வேட்டி மாற்றிக்கொண்டு, திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்தது.

“இது பிள்ளையாற்றை கிணறு, காணும்,” என்றார். “என்ரை பேரன் காலத்திலையிருந்து அபிசேகத்துக்கு இஞ்சையிருந்துதான் தண்ணி போனது. பிள்ளையாற்றை தலையிலை நீர் மருந்து ஊத்தப் போறீரோ?”

“கோயிலுக்கெண்டு தனிக் கிணறு இருக்கே, ஐயா. அதுக்கும் முந்தநாள் போட்டாச்சு.”

தில்லைநாதர் ஒரு கணம் திகைத்தார். பிறகு அந்தத் திகைப்பையே கோபமாக்கினார்.

“கோயில் கிணத்தையும் பழுதாக்கிப்போட்டீரோ! அப்ப இனிமேல் பிள்ளையாருக்கு ஆருடைய தண்ணி? என்ரை தண்ணிதான்! நாளையிலையிருந்து ஒரு குடம் போகும். அதுக்குள்ளை மருந்து போடுறவன் ஆரெண்டு நான் பாக்கிறன்.”

மீன் என்று சொல்லியிருந்தால் வின்சன்ற் மீனுக்கு ஒரு பதில் சொல்லியிருப்பார். பிள்ளையார் என்று சொன்னபடியால் அவரிடம் பதில் இருக்கவில்லை. அவர் கிறிஸ்தவ வேதக்காரப் பெடியன், விஷயம் சைவக் கோயில், எதிரே நிற்பவர் ஊர்த்தலைவர் விதானையாருக்கு வேண்டிய மனிதர்.

“மேலிடத்திலை கேட்டுத்தான் சொல்லவேணும்,” என்றார். “அதுவரைக்கும் குடிக்கிற தண்ணியைக் கொதிக்கவைச்சுக் குடியுங்கோ.”

“நான் எப்பவும் கொதிக்கவைச்சதுதான்,” என்றார் தில்லைநாதர் பெருமையோடு.

மறுநாள் விடியப்புறத்திலிருந்து பிள்ளையாரும் தில்லைநாதரின் தண்ணீரில் குளித்தார். மார்கழிக் குளிரில், நனைந்த தலையோடு, இடுப்பில் பித்தளைக் குடத்தோடு பராசக்தி ஒழுங்கையால் நடந்தாள். துணைக்குக் குணம். பாவாடை நுனியைச் சேறு படாமல் தூக்கிக்கொண்டு, திருவெம்பாவையை முணுமுணுத்தபடி வருவாள். கோயிலில் தீர்த்தம் வாங்கி, கண்ணில் ஒற்றி, மிச்சத்தைக் குடிப்பாள். இராசநாயகம் கோயில் மண்டபத்தில் நின்று போகிறவர் வருகிறவர்களுக்குச் சொன்னார்: “இந்தக் கலிகாலத்திலையும் ஒரு மனிசன் ஆசாரத்துக்காகக் கவுண்மென்ரையே எதிர்த்து நிக்கிறான்.”

தில்லைநாதருக்கே மெல்ல மெல்ல அது உண்மையாகப் பட்டது. தண்ணீர் மாற்றுகிற நாளில் மட்டும் கிடாரத்துக்கு மேல் குனிந்து மூக்கை வைத்து மணந்து பார்ப்பார். மருந்து மணம் இல்லை. நிமிர்ந்து, “சிவ சிவா” என்பார்.

மார்கழி முடிவதற்குள் குணத்துக்குத் தலையிடி வந்தது. பின்னேரத்தில் மேல் காய்ந்தது. விடியக் குறைந்தது போலிருந்தது. பின்னேரம் திரும்ப ஏறியது.

“மழைக்குளிர். கொத்தமல்லி அவிச்சுக் குடும்,” என்றார் தில்லைநாதர்.

கொத்தமல்லிக்குக் கேட்கவில்லை. நாட்டு வைத்தியர் பரியாரியாரைக் கூப்பிட்டார்கள். அவர் கைநாடி பிடித்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், கசாயத்துக்குச் சொல்லிவிட்டு வெளியே வந்து, “இது எனக்கு வடிவாய்த் தெரியேல்லை. ஆசுப்பத்திரியிலை காட்டுறது நல்லது,” என்றார்.

“ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனால் ஊரெல்லாம் தெரியும். தையிலை கலியாணம், பரியாரியார். சம்பந்தப் பகுதிக்கு நெருப்புக் காய்ச்சல் எண்டு காதிலை விழுந்தால் மயிர் கொட்டும், மூளை மாறும் எண்டு நூறு கதை கதைப்பினம்.”

“அவை கதைக்கிறதுக்குப் பிள்ளை இருக்கவேணுமே,” என்று பரியாரியார் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

சம்பந்தப் பகுதிக்கு வெறும் சளித் தடிமன் என்று சொல்லி அனுப்பப்பட்டது.

குணம் ஹோலை ஒட்டிய அறையில் கிடந்தாள். கதவு திறந்திருந்தால் கட்டிலிலிருந்து மீன்தொட்டி தெரியும். பராசக்தி ஈரத்துணியை நெற்றியில் மாற்றுவாள், கொதித்தாறின தண்ணீரைக் கரண்டியால் பருக்குவாள், ஊத்தைச் சீலையைக் கொண்டுபோய்க் கிணற்றடியில் தோய்ப்பாள், அதே கிணற்றில் திரும்ப அள்ளுவாள். விடியப்புறம் குடம். பகலில் உலை. இதற்கிடையில் தில்லைநாதர் அறை வாசலில் வந்து நின்றார்.

“இஞ்சரும். தண்ணி மாத்துற நாள் தப்பிப் போச்சு. கறுப்பன்ரை செட்டையிலை வெள்ளைப் புள்ளி ஒண்டு தெரியுது.”

பராசக்தி திரும்பிப் பார்க்கவில்லை. “பிள்ளையின்ரை வயித்திலை சிவப்புப் புள்ளி தெரியுது. அதைப் பாத்தனீங்களோ?”

அவர் பார்த்திருக்கவில்லை. கிட்ட வந்து பார்த்தார். அவருடைய முகம் மாறியது. அதைப் பராசக்தி கண்டாள். அவருக்கு மகள்மேல் பிரியம் இல்லையென்று சொல்ல முடியாது. எங்கே வைத்தோமென்று தெரியாமல் வைத்துவிட்ட ஒரு சாமானைப்போல அந்தப் பிரியம் வீட்டுக்குள் எங்கேயோ இருந்தது.

“ஐயா,” என்றாள் குணம், கண் திறக்காமல். “பெரிய மாமிக்குத் தீன் போட்டியளோ?”

“ஆர் மோனை பெரிய மாமி?”

“கறுப்பு.”

“போட்டன் மோனை. நீ படு.”

“கனக்கப் போடாதையுங்கோ. பேந்து தண்ணி கெட்டிடும்.”

அவர் வெளியே போய் மூக்கைச் சீறும் சத்தம் கேட்டது. பராசக்தி எழும்பி அவருக்குப் பின்னால் போனாள்.

“இஞ்சருங்கோ. ஒண்டு கேக்கிறன். கிணத்துக்கு மருந்தைப் போடுவமே? கோயில் ஐயருக்கும் காய்ச்சலாம். இந்தத் தண்ணியைத்தானே நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்.”

“இப்ப போட்டால் என்ன நினைப்பாங்கள் எண்டு தெரியுமே? தில்லைநாதற்றை கிணத்தாலைதான் தில்லைநாதற்றை மகளுக்குக் காய்ச்சல் எண்டெல்லோ சொல்லுவாங்கள். ஐயருக்கும் நான்தான் குடுத்தது எண்டு சொல்லுவாங்கள். நான் பிள்ளையாற்றை பேரிலை மறிச்சனான். இனி என்னெண்டு மாறிச் சொல்லுறது?”

“பிள்ளையாற்றை பேரிலையோ?”

அவர் தொட்டிப் பக்கம் திரும்பினார்.

“உங்களுக்குப் பிள்ளையார் எப்ப வந்தவர் எண்டு எனக்குத் தெரியும்,” என்றாள் பராசக்தி. “சிரம்பான் கதை எனக்குப் பாடம். ஒவ்வொரு பின்னேரமும் குசினி அடுப்படியிலையிருந்து கேட்டனான்.”

வின்சன்ற் திரும்பவும் ஒருநாள் வந்தார். மேலிடத்திலிருந்து இன்னும் மறுமொழி வரவில்லை, ஆனால் வீட்டுக்காரரின் சம்மதம் இருந்தால் போடலாம் என்றார். உள்ளே யாருக்கும் சுகமில்லையோ என்றும் கேட்டார். தில்லைநாதர் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, “தடிமன்,” என்றார். “பிள்ளையாருக்குத் தண்ணி போகுது. பேந்து வாரும்.”

வேலியடியில் மார்க்கண்டு கீரைக் கட்டொன்றை நீட்டிக்கொண்டு நின்றான். அவனுடைய பெண்சாதி எழும்பி நடக்கத் தொடங்கியிருந்தாள். பராசக்தி போய் வாங்கினாள்.

“அக்கா, பிள்ளைக்கும் அந்தக் காய்ச்சல்தானே?” என்று மெல்லக் கேட்டான். “எனக்கு மறைச்சு என்ன காணப்போறியள்? நான் அனுபவிச்சவன். ஆசுப்பத்திரியிலை எங்கடை மனிசியைச் சாப்பிட விடாமல் கட்டிலோடை கிடத்தி வைச்சவை. அதாலைதான் தப்பினவள். கெதியாய்க் கொண்டுபோங்கோ. காருக்கு நான் சொல்லிவிடட்டோ?”

“உங்கடை அண்ணையைக் கேக்கவேணும்.”

“அவரைக் கேக்காதையுங்கோ. அவற்றை மீனைக் கேளுங்கோ,” என்றான் மார்க்கண்டு. சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக்கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டான். பராசக்தி கோபிக்கவில்லை. அவளுக்குக் கோபிக்க அவகாசமில்லை.

காரை அவளே பிடிப்பித்தாள். தில்லைநாதர் மறிக்கவில்லை, ஒன்றே ஒன்றுதான் சொன்னார், கார் ஒழுங்கைக்குள் வரவேண்டாம், றோட்டில் நிற்கட்டும், இருட்டிக் கருகலான பிறகு கொண்டுபோவோம் என்று. இருட்டுக்காகக் காத்திருந்தார்கள். அந்தப் பின்னேரம்தான் குணம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். கட்டில் விரிப்பில் இரத்தம் கண்டது. இனி இருட்டக் காத்திராமல், மார்க்கண்டுவும் தில்லைநாதரும் அவளைப் பாயோடு தூக்கிக்கொண்டு ஒழுங்கையால் நடந்தார்கள். ஊர் முழுக்கப் படலைகளில் நின்று பார்த்தது. மறைக்க நினைத்த எதுவும் மறையவில்லை.

மானிப்பாய் ஆசுப்பத்திரி டொக்டர் பார்த்துவிட்டு, குடல் ஓட்டையாகிவிட்டது, பிந்திவிட்டது என்று மட்டும் சொன்னார். மறுநாள் மத்தியானம் குணலட்சுமி செத்துப்போனாள். கொண்டுபோன அதே ஒழுங்கையால் கொண்டுவந்தார்கள். இந்தமுறை கார் படலை வரைக்கும் வந்தது.

பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். பறைமேளம் அடித்தது. செத்தவீட்டுக்கு வந்த சனத்தை ஹோல் கொள்ளவில்லை. உடலைச் சுற்றிப் பெண்கள் இருந்தபடியால், ஆண்களுக்கு நிற்க இடம் மீன்தொட்டியடியில்தான் கிடைத்தது. வெற்றிலை சப்பிக்கொண்டு நின்றவர்கள், பார்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மீன்களில் வைத்தார்கள். மெல்லிய குரலில், இது என்ன சாதி மீன், எவ்வளவு காலம் இருக்கும் என்று கேட்டுக்கொண்டார்கள். கேட்டவர்களுக்கு மறுமொழி சொல்லத் தில்லைநாதரின் வாய் பழக்கத்தில் இரண்டொரு தரம் திறந்தது.

உடல் போனது. மறுநாள் காடாத்தும் முடிந்தது. வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. மார்க்கண்டு வீட்டிலிருந்து சோறும் பருப்பும் வந்தன. சாவுத் துடக்கு வீட்டுத் தண்ணீர் கோயிலுக்கு ஆகாது. இராசநாயகமே அதை நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார். பிள்ளையார் யாரிடமும் ஒன்றும் கேளாமல் மருந்து போட்ட தம் பழைய கிணற்றுக்கே திரும்பினார். ஐயரும் சுகமாகி வந்து மணியடித்தார்.

கோயிலுக்குத் தண்ணீர் போவது நின்ற செய்தி கேள்விப்பட்டுத்தான் வின்சன்ற் வந்தார். இந்தமுறை மணி அடிக்கவில்லை. சைக்கிளைப் படலையடியில் சாத்திவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். துக்கம் விசாரிக்க வந்த ஆண்கள் விறாந்தையிலும் ஹோலிலும் இருந்தார்கள். இராசநாயகம் நடுவே இருந்து, விதி என்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஐயா, மனவருத்தம்,” என்றார் வின்சன்ற். இங்கிலீசு ஒன்றும் இல்லை. “இப்ப கோயிலுக்குத் தண்ணி போகாதுதானே. மருந்தைப் போடட்டோ?”

எல்லாரும் தில்லைநாதரைப் பார்த்தார்கள். அவர் சாய்மனைக் கதிரையில் தாடையில் கை வைத்தபடி இருந்தார்.

“போடுங்கோ,” என்றது குசினி வாசலிலிருந்து ஒரு குரல். பராசக்தி.

கூலியாள் தகரப் பேணியைத் திறந்தான். வெள்ளைத் தூளை வாளியில் கரைத்துக் கிணற்றுக்குள் ஊற்றி, துலாவால் வாளியை இறக்கி ஏற்றிக் கலக்கினான். மணம் வளவெங்கும் பரவியது. செத்தவீட்டு ஊதுபத்தி மணத்துக்கு மேலால் வந்து ஹோலுக்குள் நின்றது. தில்லைநாதரின் மூக்கு அதை அறிந்துகொண்டது.

வின்சன்ற் கைகழுவி விட்டு வந்து சொல்லிக்கொள்ள நின்றபோதுதான் தொட்டியைக் கண்டார். இரண்டு தரம் வந்தும், விறாந்தையைத் தாண்டி அவரை யாரும் உள்ளே விட்டதில்லை. தாமாகவே கிட்டப் போனார்.

“தங்கமீனோ! இஞ்சை உது இருக்கெண்டு எனக்குத் தெரியாது, ஐயா,” என்றார். “உதுக்குத் தண்ணி விடேக்கை மட்டும் கவனம். மருந்து புதுசு, நேரை விட்டால் செத்துப்போம். ஒண்டுமில்லை, அள்ளின தண்ணியை வாயகண்ட பாத்திரத்திலை ரெண்டு நாள் வெளியிலை ஆற வைச்சால் போதும். மருந்து தானாய்ப் பறந்திடும். பேந்து மீனுக்கு ஒரு குறையும் வராது.”

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். இதை ஏன் முதலே கேட்கவில்லை என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவருக்குத் தெரிந்தவரை பிள்ளையார்தான் மறித்தவர்.

தில்லைநாதர் கதிரையில் அசையவில்லை. குசினிப் பக்கம் கிடாரம் கிடந்தது. தண்ணீர் அள்ளி வைக்கவென்று அவரே வாங்கிப்போட்ட வாயகன்ற கிடாரம். இரண்டு நாள். வெளியில் வைத்தால் போதும்.

இராசநாயகம் தொண்டையைச் செருமினார். “எழுதினபடிதான், காணும். ஆசாரத்தை விடாமல் நிண்ட வீட்டுக்கே இப்பிடி ஒரு சோதினை எண்டால்...”

பராசக்தி கிணற்றடிக்குப் போனாள். துலா கிறீச்சிட்டது. தண்ணீர் மாற்றுகிற நாள் எப்போதோ தப்பிப்போயிருந்தது. தொட்டி கலங்கி, பாசி பிடித்து, அடியில் ஊத்தை கிடந்தது. அவள் நிறைந்த வாளியோடு முன்வாசலால் ஏறி, ஆண்கள் காலை மடக்கி வழிவிட, ஹோலுக்குள் வந்தாள். அறுத்தெடுத்த கண்ணாடித் துண்டுபோல வாளிக்குள் தண்ணீர் துளும்பியது. மருந்து நெடி வந்தது.

தில்லைநாதர் கதிரைக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாதி எழும்பினார்.

“இஞ்சரும்...”

எல்லாரும் திரும்பினார்கள். இராசநாயகம், விதானையார், விறாந்தைத் தூணோடு சாய்ந்து நின்ற மார்க்கண்டு.

பராசக்தி வாளியைத் தொட்டி விளிம்பில் வைத்துப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். அவசரப்படவில்லை. சொல்லுங்கோ என்பதுபோல நின்றாள்.

அவர் தூணடியில் தெரிந்த மார்க்கண்டுவின் தலையைப் பார்த்தார், திரும்பக் கதிரையில் சாய்ந்தார்.

“பிள்ளையார் குளிக்கிற தண்ணிதானே,” என்றாள். “மீனுக்கு என்ன செய்யப்போகுது?”

வாளியைச் சரித்தாள். கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றினாள். பிறகு வெறும் வாளியோடு, வந்த வழியே கிணற்றடிக்குப் போனாள்.

தில்லைநாதர் கதிரையில் இருந்தார். தொட்டிக்குள் சிவப்பு மீன் ஒரு துள்ளுத் துள்ளியது. வெள்ளையும் சிவப்பும் கலந்தது கண்ணாடிக்குக் கண்ணாடி பாய்ந்தது. நாட்கணக்காக அடியில் மந்தமாகக் கிடந்த கறுப்பு, மணலைக் கிளப்பிக்கொண்டு மேலே சீறி வந்தது.

செத்தவீட்டில் மனம் ஆறுதற்படும்படி ஏதாவது சொல்லவேண்டும் என்று இராசநாயகம் நெடுநேரமாகத் தேடிக்கொண்டிருந்தார். இப்போது கிடைத்தது.

“பாத்தியளோ தில்லைநாதர், புதுத்தண்ணி பட்ட உடனை! என்ன உசார்!”

“ஓம்,” என்றார் தில்லைநாதர்.